காத்திருக்கும் இசை: மிகுபுனைவு விளையாட்டுகளின் பின்னணி இசையும் காஞ்சிபுரம் வட்டாரக் கட்டைக்கூத்தும்

ஆய்வுச் சுருக்கம்

பாத்திரமேற்று ஆடும் மிகுபுனைவுக் காணொளி விளையாட்டுகளின் பின்னணி இசை, ஆடியவர் நினைவில் நெடுங்காலம் தங்கும் இயல்புடையது. இவ்விசையைத் திரைப்படப் பின்னணி இசையின் ஒரு கிளையாகக் கருதுவது பொதுவழக்கு. ஆயின், ஆடுபவரின் செயலுக்காகக் காத்திருந்து தன் நீளத்தை அமைத்துக்கொள்வதே விளையாட்டு இசையின் அடிப்படைப் பண்பாகும். திரைப்பட இசைக்கு இப்பண்பு இல்லை. உத்திரமேரூர் உள்ளிட்ட காஞ்சிபுரம் வட்டாரச் சிற்றூர்களில் நிகழும் கட்டைக்கூத்தின் இசையில் இதே பண்பு காணப்படுகிறது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு விளக்கும் இக்கட்டுரை, கூத்திசையை ஆவணப்படுத்துவோர் மெட்டுகளோடு அவற்றை இயக்கும் விதிகளையும் பதிவுசெய்ய வேண்டும் என்னும் முடிவை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: பின்னணி இசை, பாத்திரமேற்பு விளையாட்டு, மிகுபுனைவு, கட்டைக்கூத்து, முகவீணை, திணை, கருப்பொருள், அர்ச்சுனன் தபசு.

1. முன்னுரை

2021 சூலை 23 அன்று டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் பல நாட்டு வீரர்கள் அணிவகுத்து வந்தபோது முதலில் ஒலித்தது, 'டிராகன் குவெஸ்ட்' என்னும் காணொளி விளையாட்டின் முகப்பிசையாகும். அதனைத் தொடர்ந்து 'ஃபைனல் ஃபேண்டசி' முதலிய பிற விளையாட்டுகளின் இசைப் பகுதிகளும் ஒலித்தன. சிறுவர் பொழுதுபோக்கிற்காக எழுதப்பட்ட இசையை ஒரு நாடு தன் பண்பாட்டு அடையாளமாக உலகின் முன் வைத்த நிகழ்வு அது.

இவ்விரு விளையாட்டுகளும் பாத்திரமேற்பு விளையாட்டு என்னும் வகையைச் சார்ந்தவை. ஆடுபவர் ஒரு கதைமாந்தரின் வேடத்தை ஏற்று, கற்பனை உலகொன்றில் ஊர் ஊராகச் சென்று, பகைவரோடு பொருது, கதையை நிறைவுசெய்வது இவற்றின் பொதுவமைப்பு. இவற்றின் இசை ஏன் இத்துணை ஆழமாக நினைவில் நிற்கிறது என்பது இசையியலாளர் ஆராயும் வினாவாக உள்ளது. தமிழில் பின்னணி இசை பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் திரைப்படத்தையே சார்ந்தவை. அவற்றின் அளவுகோலைக் கொண்டு விளையாட்டு இசையை அளந்தால் அதன் மையப் பண்பு விடுபட்டுவிடும்.

அப்பண்பை விளங்கிக்கொள்ளத் தமிழ் ஆய்வாளர் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவின்போது பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நிகழ்கின்றன. அக்கூத்தின் மேளமும் பாட்டும் இயங்கும் முறை, விளையாட்டு இசையின் இயக்கத்தோடு நெருங்கிய ஒப்புமை உடையது. அவ்வொப்புமையையும் அதன் எல்லைகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நிலத்திற்கு உரிய இசை

'டிராகன் குவெஸ்ட்' 1986ஆம் ஆண்டு எனிக்ஸ் நிறுவனத்தால் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்காக வெளியிடப்பட்டது. இசையமைத்தவர் கோயிச்சி சுகியாமா (1931–2021). விளையாட்டு முழுவதும், அதன் இசை உட்பட, 64 கிலோபைட் அளவுக்குள் அடங்க வேண்டியிருந்தது. ஆகவே ஒவ்வொரு காட்சிக்கும் தனி இசை அமைக்க இயலவில்லை. அரண்மனைக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று, திறந்த வெளிக்கு ஒன்று, குகைக்கு ஒன்று, போருக்கு ஒன்று என இடத்தையும் செயலையும் அடிப்படையாகக் கொண்டு மிகச் சில மெட்டுகளே அமைந்தன. ஆடுபவர் ஊரினுள் நுழைந்தால் ஊரின் இசை எழும். வெளியேறினால் வெளியின் இசை எழும். குகையினுள் ஒவ்வொரு தளமாகக் கீழிறங்கும்போது, அதே மெட்டு சுருதி தாழ்ந்தும் நடை தளர்ந்தும் ஒலிக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பவரும் தாம் எந்த நிலத்தில், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்பதை அறிந்துகொள்ள முடியும்.

நிலத்தோடு இசையைப் பிணைக்கும் இம்முறை தமிழ் மாணவர்க்கு அயலானதன்று. தொல்காப்பிய அகத்திணையியல் கருப்பொருள்களை வகுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே கூறுகிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்திற்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி எனப் பிற்கால இலக்கண மரபு இவற்றை விரித்துரைக்கிறது. பறையின் பெயரைச் சொன்ன அளவில் நிலமும் அந்நிலத்தின் தொழிலும் பொழுதும் கேட்போர் மனத்தில் எழும் என்பதே இவ்வமைப்பின் பயன்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. விளையாட்டு இசை திணைக் கோட்பாட்டிலிருந்து தோன்றியது என்றோ, அது தமிழரிடம் முன்னரே இருந்தது என்றோ கொள்ளுதல் பொருந்தாது. சுகியாமா மேலைச் செவ்வியல் இசை மரபைப் பின்பற்றியவர். ஒரு கற்பனை உலகைக் குறைந்த கூறுகளால் கட்டியெழுப்ப முனைவோர்க்கு நிலத்திற்கொரு இசை என்னும் வழி இயல்பாகவே புலப்படுகிறது என்பது மட்டுமே இவ்வொப்பீட்டின் பொருள்.

3. முடிவு தெரியாத நேரத்திற்கு எழுதப்படும் இசை

திரைப்படப் பின்னணி இசை, படத்தொகுப்பு முடிந்த காட்சிக்கு எழுதப்படுவது. ஒரு காட்சி 42 நொடி எனில் இசையும் 42 நொடியே. எத்தனை முறை திரையிட்டாலும் கதவு திறக்கும் கணமும் வயலின் எழும் கணமும் மாறுவதில்லை.

விளையாட்டு இசையமைப்பாளருக்கு இவ்வுறுதி கிடையாது. ஒருவர் ஊரின் கடைவீதியை அரை நிமிடத்தில் கடந்து செல்வார். மற்றொருவர் அங்கேயே அரைமணி நேரம் உலவுவார். இருவருக்கும் ஒரே இசை பொருந்த வேண்டும். இச்சிக்கலுக்குக் காணப்பட்ட முதல் தீர்வு சுழற்சியாகும். மெட்டின் இறுதி, தொடக்கத்தோடு தடையின்றி இணையுமாறு எழுதப்படுகிறது. ஆடுபவர் அடுத்த செயலைச் செய்யும்வரை அது சுழன்றுகொண்டே இருக்கும். 1987ஆம் ஆண்டு ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட 'ஃபைனல் ஃபேண்டசி'யில் போரில் வென்றவுடன் ஒரு வெற்றி முழக்கம் எழுகிறது. நோபுவோ உவெமாட்சு அமைத்த அம்முழக்கம் சில நொடிகளில் முடிந்துவிடும். அதன்பின் வரும் எளிய பகுதி, ஆடுபவர் பொத்தானை அழுத்தும்வரை திரும்பத் திரும்ப ஒலிக்கும். முழக்கம் அறிவிப்பு, அதனைத் தொடரும் பகுதி காத்திருப்பு.

இரண்டாவது தீர்வு, இசையைப் பகுதிகளாகப் பிரித்து நிகழ்வுக்கேற்ப இணைப்பது. 1991இல் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்கானெல் ஆகியோர் 'மங்கி ஐலண்ட் 2' என்னும் விளையாட்டில் பயன்படுத்திய ஐமியூஸ் முறை இதற்கு முன்னோடி. ஆடுபவர் ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குச் செல்லும்போது, ஓடிக்கொண்டிருக்கும் மெட்டு அறுபடாமல், தகுந்த இடம் வரும்வரை தொடர்ந்து, பின் இணைப்புப் பகுதியின் வழியாக அடுத்த மெட்டுக்கு மாறும். எந்த மெட்டு, எந்தச் செயலுக்குப் பின், எந்த இடத்தில் மாற வேண்டும் என்னும் விதிகளும் இங்கு இசையமைப்பின் பகுதியாகின்றன. எனவே விளையாட்டு இசை என்பது மெட்டும் விதியும் சேர்ந்த ஒன்று எனலாம்.

4. கட்டைக்கூத்தில் காத்திருக்கும் மேளம்

வட தமிழகத்தில் தெருக்கூத்து என்றும் கட்டைக்கூத்து என்றும் வழங்கும் இக்கலையில், அரச பாத்திரங்கள் அணியும் மரத்தாலான கிரீடம், புஜக்கீர்த்தி, மார்புப்பதக்கம் முதலிய அணிகலன்கள் 'கட்டை' எனப்படும். 1990இல் பெ. ராஜகோபால், ஹன்னே டி புருயின் ஆகியோர் முயற்சியால் கட்டைக்கூத்துச் சங்கம் உருவாயிற்று. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் அச்சங்கத்தின் குருகுலம் 2002 முதல் 2020 வரை இயங்கியது. டி புருயின் 1999இல் வெளியிட்ட ஆய்வுநூல், இக்கலையின் நெகிழ்வுத்தன்மையையே தன் தலைப்பில் தாங்கியுள்ளது. அந்நெகிழ்வை நிகழ்த்தும் நேரத்தில் தாங்கிப் பிடிப்பது இசையாகும்.

கூத்துக் களரியின் பின்புறத்தில் இசைஞர் அமர்கின்றனர். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், முகவீணை ஆகியவை இசைக்கருவிகள். நடிகர் பாடிய அடியின் இறுதியை ஏற்றுப் பாடுவது 'பின்பாட்டு' எனப்படும். பின்னணி என்னும் சொல் திரைப்படத்தின் வழியே பரவும் முன்பே, பின்னிருந்து தாங்கும் இசைக்குக் கூத்து மரபு தனக்கென ஒரு பெயரைக் கொண்டிருந்தது.

இவ்விசையின் காத்திருப்பு மூன்று இடங்களில் தெளிவாகப் புலப்படுகிறது.

முதலாவது மேளக்கட்டு. கூத்துத் தொடங்குமுன் எல்லாத் தாளக்கருவிகளும் சேர்ந்து முழங்குவது இது. ஊரார் இரவு உணவு முடித்துப் பாய்களோடு வந்து அமர வேண்டும். வேடமிடுவோர் அணிகலன்களைக் கட்டி முடிக்க வேண்டும். இவ்விரண்டும் நிறைவுறும்வரை மேளம் நீளும். அடுத்த ஊருக்குக் கூத்து நிகழ்வதை அறிவிப்பதும் அதுவே.

இரண்டாவது திரை வருகை. இருவர் பிடிக்கும் திரைக்குப் பின்னின்று பாத்திரம் தன்னை அறிமுகம் செய்து விருத்தமும் தருவும் பாடும். துரியோதனன் போன்ற கட்டை வேடம் திரைக்குப் பின்னே ஆடி, திரையின் மேலும் பக்கத்திலும் சிறிது சிறிதாகத் தோன்றி, அவையின் எதிர்பார்ப்பை வளர்த்த பின்னரே வெளிப்படும். எத்தனை சுற்று ஆடிய பின் வெளிவருவது என்பதை நடிகரே முடிவு செய்கிறார். அவர் பாதத்தையும் தலையசைப்பையும் கவனித்து மிருதங்கக் கலைஞர் தீர்மானம் வைக்கிறார். அக்கணம் திரை விலகுகிறது. கிறுக்கி எனப்படும் விரைந்த சுழற்சிகளிலும் இம்முறையே கையாளப்படுகிறது. நடிகர் இன்னும் இரு சுற்றுச் சுழல மனங்கொண்டால் மேளமும் அவ்வாறே நீள வேண்டும்.

மூன்றாவது, பாட்டுக்கும் வசனத்திற்கும் இடைப்பட்ட இடம். கட்டியக்காரன் அவையினரோடு உரையாடி நகைச்சுவையை வளர்க்கும்போது, அது எப்போது முடியும் என்பது அவனுக்கே தெரியாது. ஆர்மோனியம் சுருதியைத் தாங்கி நிற்க, மிருதங்கம் இடையிடையே ஒலித்து உரையாடலுக்கு நிறுத்தக்குறி இடும். அடுத்த தருவின் முதற்சொல் எழுந்தவுடன் அனைத்துக் கருவிகளும் அதனுடன் இணையும். ஐமியூஸ் கணினிக்குக் கற்பித்த இடமாற்றத்தை இங்கு மனிதச் செவியும் கண்ணும் செய்கின்றன.

5. அர்ச்சுனன் தபசு: அவையும் பாத்திரமாகும் இடம்

பாரதக் கூத்துகளுள் அர்ச்சுனன் தபசு தனியாக ஆராயத்தக்கது. பாசுபதம் பெறுவதற்காகத் தவம் செய்யச் செல்லும் அர்ச்சுனன், கயிலையாகப் பாவிக்கப்படும் உயர்ந்த தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவான். பனைமரத்தால் அமைந்த அம்மரத்தின் அடியில் பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் ஈர உடையுடன் காத்திருப்பர். உச்சியை அடைந்த அர்ச்சுனன் எலுமிச்சை முதலியவற்றை வீச, அவர்கள் மடியேந்திப் பெற்றுக்கொள்வர்.

இந்நிகழ்வின் நீளத்தை எவராலும் முன்கூட்டி வரையறுக்க இயலாது. ஏறுபவரின் உடல்வலிமை, காற்று, கீழே திரண்டிருப்போரின் எண்ணிக்கை, வேண்டுதலுடையோர் ஒவ்வொருவரையும் நிறைவுசெய்ய வேண்டிய கடமை ஆகிய அனைத்தும் அதனை முடிவு செய்கின்றன. அதுவரை இசை அறுபடலாகாது. அறுந்தால் மரம் வெறும் மரமாகிவிடும். படிதோறும் எழும் பாட்டும் அதனைத் தொடரும் மேளமும் அதனைக் கயிலையாக நிலைநிறுத்துகின்றன.

இங்கு அவையினர் காண்போராக மட்டும் இருப்பதில்லை. மடியேந்தி நிற்கும் பெண் கதையின் உள்ளே நிற்கிறாள். பகாசுரன் கதையில் வண்டியேறித் தெருவில் வரும் பீமனுக்கு உணவளிக்கும் குடும்பங்களும் ஏகசக்கர நகரத்தாராகின்றனர். பாத்திரமேற்பு விளையாட்டின் அடிப்படை இயல்பும் இதுவே: காண்பவரே செயல் புரிபவராகிறார். அவர் செயலுக்கு இசை இடமளிக்க வேண்டியிருப்பதால்தான் அது காத்திருக்கும் இசையாகிறது. கதை ஒருவருக்குக் காட்டப்படும்போது அதன் நேரம் காட்டுபவரிடம் இருக்கிறது. ஒருவரால் ஆடப்படும்போது ஆடுபவரிடம் இருக்கிறது.

6. நினைவில் நிற்பதற்கான காரணங்கள்

இவ்விசை நினைவில் நிற்பதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதற்காரணம் கருவியின் குறுமை. ஃபேமிகாமில் ஐந்து ஒலித்தடங்களே இருந்தன: இரண்டு துடிப்பலை, ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல், ஒரு பதிவொலி. மெட்டுக்குப் பெரும்பாலும் முதல் மூன்றே பயன்பட்டன. வாத்தியச் செழுமையால் குறையை மறைக்க வழியில்லாததால் மெட்டு தன் வலிமையால் மட்டுமே நிற்க வேண்டியிருந்தது. கூத்திலும் ஒலிபெருக்கியற்ற திறந்தவெளியில் இரவைக் கடந்து செல்ல, உச்ச சுருதியில் ஒலிக்கும் சிறிய முகவீணையும் அழுத்தமான தாளமும் தேவைப்பட்டன. இரு களங்களிலும் தட்டுப்பாடே தெளிவைத் தந்தது.

இரண்டாவது, செயலோடு கூடிய மீள்வரவு. தொடக்ககால விளையாட்டுகளில் வெளியில் நடந்துகொண்டிருக்கும்போது திடீரெனப் போர் மூளும். வெளியின் இசை அறுபட்டுப் போரின் இசை எழும். போர் முடிந்ததும் வெளியின் இசை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே ஒரு மெட்டின் தொடக்க அடிகளை ஆடுபவர் நூற்றுக்கணக்கான முறை கேட்கிறார். ஒவ்வொரு முறையும் ஆபத்திலிருந்து மீண்ட நிலையில் கேட்கிறார். கூத்தில் ஓர் இரவினுள் பின்பாட்டு மீட்டும் அடிகளும் மீண்டும் மீண்டும் வரும் தீர்மானங்களும் இவ்வாறே செவியில் பதிகின்றன.

மூன்றாவது, வழக்கம் மாறும் இடம். 1997இல் வெளிவந்த 'ஃபைனல் ஃபேண்டசி 7' இதற்குச் சிறந்த சான்று. அதில் போர் என்றால் போருக்குரிய இசை எழும் என்பது பல மணிநேரம் ஆடியவர்க்குப் பழகிப்போன விதி. ஆடுபவரோடு நெடுந்தொலைவு துணையாக வந்த ஏரித் என்னும் பெண், செஃபிரோத்தால் கொல்லப்படுகிறாள். அவளுக்குரிய மெல்லிசை எழுகிறது. உடனே ஜெனோவாவுடன் போர் மூள்கிறது. ஆனால் போரின் இசை எழவில்லை. அவளுடைய மெட்டே போர் முழுவதும் தொடர்கிறது. ஆடுபவர் வாள் வீசும் ஒவ்வொரு கணமும் இழப்பின் ஓசையோடு நிகழ்கிறது. உவெமாட்சு இங்குப் புதிய மெட்டு எதனையும் சேர்க்கவில்லை. மாற வேண்டிய மெட்டு மாறாமல் நின்றதே துயரத்தை ஆழமாக்கியது. விதியை அறியாமல் அம்மெட்டை மட்டும் தனியே கேட்பவர்க்கு இவ்வனுபவம் கிட்டாது.

தமிழ் அவைக்கும் இத்தகைய பழகிய விதிகள் உண்டு. அழுகைக்கு முகாரி என்பது பேச்சுவழக்கிலும் 'முகாரி பாடுதல்' என நிலைத்துவிட்டது. இத்தகைய பழக்கம் அவையிடம் இருக்கும்போதுதான் அதனை நிறைவேற்றுவதும் தள்ளிப்போடுவதும் பொருளுடையனவாகும்.

7. வேறுபாடும் ஆவணப்படுத்தலும்

ஒப்புமைகளுக்கு நடுவே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. விளையாட்டில் காத்திருப்பது பொறி. கூத்தில் காத்திருப்பவர் மனிதர். சுழலும் மெட்டு நூறாவது முறையும் முதல் முறைபோலவே ஒலிக்கும். மிருதங்கக் கலைஞரோ நடிகரின் களைப்பையும் அவையின் உறக்கத்தையும் கண்டு நடையைக் கூட்டுவார், குறைப்பார்; விடியல் நெருங்கினால் காட்சியைச் சுருக்கத் துணைபுரிவார். கூத்திசையின் காத்திருப்பு விடையளிக்கும் காத்திருப்பு.

இவ்வேறுபாடு பாதுகாப்பில் பெரும் விளைவை ஏற்படுத்துகிறது. விளையாட்டு இசை ஒலித்தட்டாக வெளியிடப்படும்போது ஒவ்வொரு மெட்டும் பொதுவாக இருமுறை சுழன்று, பின் தேய்ந்து மறையுமாறு பதியப்படுகிறது. அதன் காத்திருப்பு அங்கு இழக்கப்பட்டாலும், விளையாட்டின் நிரலில் விதிகள் அப்படியே உள்ளன. கருவியை இயக்கினால் மீண்டும் கேட்கலாம். கூத்திசைக்கு அத்தகைய நிரல் இல்லை. பெரிய எழுத்துப் பதிப்புகளாக அச்சேறிய கூத்து நூல்களில் தருவுக்கு மேல் இராகமும் தாளமும் குறிக்கப்பட்டுள்ளன. மேளக்கட்டு எப்போது முடிய வேண்டும், திரை விலகும் தீர்மானத்திற்கான குறிப்பு யாது, தபசு மரத்தில் கால் இடறினால் மேளம் என்ன செய்யும் என்பவை எந்நூலிலும் எழுதப்படவில்லை. அவை இசைஞர்களின் பழக்கத்திலேயே வாழ்கின்றன. முகவீணை வாசிப்போர் அருகிவரும் இக்காலத்தில், ஒருவர் மறையும்போது அவரறிந்த விதிகளும் அவரோடு மறைகின்றன.

ஆகவே கூத்தை ஆவணப்படுத்துவோர் பின்வருவனவற்றைக் கருத்திற்கொள்ளுதல் நலம். நடிகரை மட்டும் நோக்கும் ஒளிப்பதிவோடு, இசைஞரின் கண்ணையும் கையையும் நோக்கும் மற்றொரு பதிவும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட வேண்டும். ஒரே கூத்தை ஒரே குழு வெவ்வேறு ஊர்களில் நிகழ்த்தும்போது பதிந்து, எவ்வெப்பகுதிகள் நீண்டன, எவை சுருங்கின என ஒப்பிட வேண்டும். பதிவை இசைஞர்க்கே காட்டி, ஒவ்வொரு மாற்றத்திற்கும் அவர் கூறும் காரணத்தை அவர் சொல்லாலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்பணி படைப்பாளர்க்கும் பயன்படும். புனே நகரத்து நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் 2020இல் இந்தியத் தொன்மங்களைக் களமாகக் கொண்டு 'ராஜி' என்னும் விளையாட்டை வெளியிட்டது. டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையைத் தமிழ்ப் பாடல்களோடு சொல்லி, 2024இல் அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. தமிழ் உலகைக் களமாகக் கொள்ளும் மிகுபுனைவு விளையாட்டு உருவாகும்போது, முகவீணையின் ஒலியைப் பதிந்து சேர்ப்பது எளிது. அது எப்போது தொடங்கி எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்னும் அறிவே அரியது.

8. முடிவுரை

மிகுபுனைவு விளையாட்டுகளின் பின்னணி இசை நினைவில் நிற்பதற்கு மெட்டின் இனிமை மட்டும் காரணமன்று. அது நிலத்தோடு பிணைந்து, ஆடுபவரின் செயலுக்குக் காத்திருந்து, பழகிய விதியைத் தக்க இடத்தில் மாற்றுகிறது. காஞ்சிபுரம் வட்டாரக் கட்டைக்கூத்தின் இசையும் இவ்வாறே நேரத்தை நடிகரிடமும் அவையிடமும் ஒப்படைத்து இயங்குகிறது. திரைப்பட இசையை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட நம் பின்னணி இசை ஆய்வு, 'காத்திருக்கும் இசை' என்னும் இவ்வகையைத் தனியே வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும். விளையாட்டின் விதிகள் நிரலில் எழுதப்பட்டுவிட்டன. கூத்தின் விதிகள் இன்னும் எழுதப்படவில்லை. அவற்றை அறிந்த இசைஞர் களரியில் அமர்ந்திருக்கும் காலத்திலேயே அப்பணி தொடங்கப்பட வேண்டும்.